ஆடிக்குப் போன கம்ப்யூட்டர்

அச்சகத்திலிருந்த ஈய எழுத்துகளை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். சங்கரன்கோவிலில் அது 1988. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரு தடவை வந்து தொட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கம்ப்யூட்டர் சொந்தம். அதில் தமிழ் எழுத்தை வரவைக்கும் சாப்ட்வேர் மட்டும் வாடகை. மதுரைக் கம்பெனி ஒன்று கொடுத்தது. கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு சாவி. அதை மிஷினின் பின்பக்கம் செருகினால்தான் எழுத்து வரும். செருகி, மேலே சீல் ஒட்டி, இந்த மிஷினைவிட்டுச் சாவியைக் கழற்றினால் ஒப்பந்தம் ரத்து என்று எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

வாடகை வருஷக் கணக்கில். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? அந்த இரண்டு மாதமும் மிஷின் தூங்கும். வாடகை மட்டும் தூங்காது. பத்து மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று கடிதம் போட்டேன். வருஷம் என்றால் பன்னிரண்டு மாதம் என்று பதில் வந்தது. எனக்குத் தெரியாது பாருங்கள்.

ஜரினாவை எனக்குச் சிவகாசி பேப்பர் கடையில் பழக்கம். கடையநல்லூரில் அவளும் அச்சகம் வைத்திருந்தாள். அவள் அண்ணன் சுலைமான் துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டரே கொண்டுவந்து கொடுத்திருந்தார். தமிழ் சாப்ட்வேருக்கு வருஷ வாடகை கட்டத்தான் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. துபாய் மாப்பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கிற மாதம்தான் அங்கே நிக்காஹ். அந்த வருஷம் லீவெல்லாம் ஆடியில் வந்து குவிந்தது. ஆடி வாடகையை அவள் தருவது என்று பேசி முடித்தோம்.

சாவியைத்தான் கழற்றக் கூடாதே. மிஷினையே தூக்கினோம். ஆடி முதல் தேதி ஜமுக்காளத்தில் சுற்றி, புளியங்குடி வழியாகக் கடையநல்லூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்தேன். பஸ் ஏற்றிவிட வந்த எதிர்க்கடைப் பூக்காரி முத்துமாரியம்மாள் ஒரு முழம் மல்லிகையை அதன்மேல் போட்டு, "ஏட்டி கோமதித்தாய், ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புதியாக்கும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பத்தாம் நாள் கம்பெனிக்காரர் சௌந்தரபாண்டியன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மேசை காலி. மிஷின் எங்கே என்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒப்பந்த நகலோடு என்கூடவே கடையநல்லூருக்கு பஸ் ஏறினார். ஈயத்தையும் விற்றாகிவிட்டது, இனி சாவியும் போனால் எதைக் கொண்டு அச்சடிப்பது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஜரினா ஒரு பத்திரிகையைப் பாதி அடித்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் விரல் அப்படியே நின்றது. சௌந்தரபாண்டியன் குனிந்து மிஷினின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையில் சும்மா இருந்த இன்னொரு மிஷினைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்டார். தன்னுடையதுதான் என்றாள் ஜரினா.

"இது இருக்கும்போது அதை எதுக்கும்மா இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தீங்க? சாவிய மட்டும் கொண்டாந்து இதுல செருகியிருந்தா முடிஞ்சதே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கழத்தக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினது நீங்கதான சார். இருந்த எழுத்தையும் வித்துட்டு உங்க சாவிய நம்பி உக்காந்திருக்கேன். கையெழுத்தும் போட்டுட்டு அதுக்கு மாறா நடப்பேனா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஜரினா கொடுத்த தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அந்த வாரம் ஏழு ஊர் போய்ப் பார்த்தாராம். ஏழிலும் சீல் கிழிந்திருந்ததாம். கேட்டால் எலி கடித்துவிட்டது என்றார்களாம்.

"ஒட்டினது ஒட்டினபடி இருக்குறது இந்த ஒண்ணுதாம்மா" என்றார்.

கம்பெனி முதலாளி அவருக்கு அக்கா மகன்தானாம், முதலாளியிடம் இவரே பேசிக்கொள்வாராம். நகலை எடுத்து, வருஷம் என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து மாதம் என்று எழுதினார். எந்த மாதம் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அந்த மாதத்துக்குக் கட்டினால் போதும், யாருக்கும் வேண்டாத மாதத்துக்கு வாடகையே இல்லை என்றார். என் பெயருக்குக் கீழே ஜரினாவின் பெயரையும் சேர்த்தார். பிறகு சீலை அவரே நகத்தால் உரித்து, சாவியைக் கழற்றி, சாப்ட்வேர் இருந்த பிளாப்பியோடு ஜரினாவின் மிஷினுக்கு மாற்றினார்.

துபாயிலிருந்து வந்த நாள் முதல் இங்கிலீஷைத் தவிர வேறெதையும் காட்டாத திரை அது. ஜரினா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பாதியில் நின்ற பத்திரிகையின் மாப்பிள்ளை பெயரைத்தான் அடிக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். கோமதித்தாய் என்று என் பெயர் இருந்தது.

நான் அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.