பத்தாவது கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. பெங்களூர் அல்சூரில் ஒரு வங்கிக்குப் பாஸ்புக் பதியப் போனேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் சண்டை போட்டபடி வரிசையில் நின்றார்கள். வேலையில்லாத எழுத்தாளன் என்ன செய்வான்? காதைத் தீட்டிக்கொண்டேன். அனுமதி கேட்கவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் என் நாகரிகம்.

2

முதல் தொடக்கம்: 'நுகர்வுப் பண்பாட்டின் பெருவெள்ளத்தில் சிக்கிய ஓர் இளம்பெண்ணின் அகப்போராட்டமானது—'

வேண்டாம். அவள் சிக்கியது இளநீரில்.

இரண்டாவது தொடக்கம்: ரக்ஷிதா பி.காம். இரண்டாம் ஆண்டு. வீடு ஈஜிபுராவில், ஒரே அறை. அம்மா சாந்தகுமாரிக்கு ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. இருவர் பெயரிலும் ஒரே வங்கிக் கணக்கு. மாதம் மூவாயிரம் ரூபாய் மகளின் செலவுக்கு. மகள் தன் போனில் ஸ்கேன் செய்து செலவழிப்பாள். மெசேஜ் அம்மா போனுக்குப் போகும்.

(இருவர் சிம்மும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு: அம்மாவுக்கு 6, மகளுக்கு 7. இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். பின்னால் எனக்குத் தேவைப்படும்.)

3

ஒரு செவ்வாய்க்கிழமை சாந்தகுமாரிக்கு வந்த மெசேஜ்: '…ஒயின்ஸ், அறுபது ரூபாய்.'*

இங்கே ரக்ஷிதாவைக் கொஞ்சம் குடிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். கதை சூடுபிடிக்கும். ஆனால் நடந்தது வேறு. கல்லூரி வாசலில் இளநீர் விற்பவரின் ஸ்கேன் அட்டை மழையில் ஊறிப்போய்விட்டது. அவர் பக்கத்து மதுக்கடையின் அட்டையை வாங்கி வண்டியில் மாட்டியிருந்தார். பணத்தைச் சாயங்காலம் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்வார்.

"எளநி குடிச்சேம்மா."

"ஒயின்ஸ்ல எளநி விக்கிறானா? யாருக்குடி காது குத்துற?"

மறுநாள் சாந்தகுமாரி அரைநாள் லீவு போட்டு, கல்லூரி வாசலுக்கே போய் இளநீர்க்காரரை விசாரித்தாள். மொத்த வகுப்பும் வேடிக்கை பார்த்தது.

* கடைப் பெயரை நீக்கிவிட்டேன். இலவச விளம்பரம் தர மனமில்லை.

4

வரிசையில் நான் கேட்ட சண்டை இதுதான்.

"கிளாஸ்ல எல்லாரும் என்னை எளநின்னு கூப்பிடறாங்க. இனிமே மெசேஜ் எனக்குத்தான் வரணும். இல்லன்னா தனியா அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிப்பேன்."

இந்த வரிவரை நான் மகள் கட்சி. அம்மாவை வில்லியாக வைத்து ஒரு பத்திகூட மனசுக்குள் எழுதிவிட்டேன்: 'உளவுத்துறையே வெட்கப்படும் அளவுக்கு—'

அப்போது அந்த அம்மா பேசினாள்.

"வேலைக்குள்ள போனா போனை லாக்கர்ல வெச்சிரணும். ஒரு மணிக்குத்தான் எடுக்க விடுவான். ஒம்பதே காலுக்கு டீ பதினஞ்சு ரூவான்னு மெசேஜ் இருந்தா, நீ காலேஜ் சேந்துட்டேன்னு அர்த்தம். அப்புறம்தான் டப்பாவைத் தொறப்பேன். நீ எங்க சொல்லிட்டுப் போற? நாலு நாளா ஒரு டீயும் வரல."

ரக்ஷிதா நாலு நாளாகத் தோழி சுனிதாவிடம் கடன் சொல்லி, அவள் போனிலிருந்து டீக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றுதான்.

"அப்ப நாலு நாளா சாப்பிடலியா?"

"சாப்ட்டேன். உப்பா ஒறப்பான்னு தெரியல."

[இந்த வசனத்தை இரண்டு முறை அடித்தேன். அம்மா சென்டிமென்ட் எனக்கு ஆகாது. இரண்டு முறையும் திரும்ப எழுதினேன். இருந்துவிட்டுப் போகட்டும்.]

5

மெசேஜ் எந்த எண்ணுக்கு என்று கேட்கும் படிவத்தில் மொபைல் எண்ணுக்குப் பத்துக் கட்டங்கள். சாந்தகுமாரி ஒன்பது கட்டங்களை நிரப்பினாள். பத்தாவதில் பேனா நின்றது. படிவத்தை மகள் பக்கம் தள்ளினாள்.

"கடசி நம்பரை நீயே எழுது."

கவுண்டரில் இருந்த நோயல் அவசரப்படுத்தினார்: "பேக பர்து கொடி அம்மா, ஊட்டத டைம் ஆய்த்து." சீக்கிரம் எழுதித் தரணுமாம், சாப்பாட்டு நேரமாகிவிட்டதாம்.

7 என்று எழுதினால், ஒரு மணிக்கு அம்மா போனில் கடன் தருகிறோம் என்ற விளம்பரம் மட்டுமே இருக்கும். 6 என்று எழுதினால், மகள் படிப்பு முடியும்வரை எளநி.

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து கேட்டேன்: "சார், ரெண்டு நம்பரும் போட முடியாதா?"

"ஒண்ணுதான் சார். உங்களுக்கு என்ன வேணும்?"

"பாஸ்புக்."

"மெஷின் ரிப்பேர். நாளைக்கு வாங்க."

அம்மாவும் மகளும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை. வெளியே வந்துவிட்டேன். முடிவு எனக்குத் தெரியாது.

6

எனவே இது உங்கள் தலையில். பேனாவை நூல்கட்டி மேஜையில் வைத்திருக்கிறார்கள். நூல் உங்கள் கைவரை வரும். ரக்ஷிதா உங்களைத்தான் பார்க்கிறாள். 6 அல்லது 7. சீக்கிரம், நோயலுக்குப் பசிக்கிறது.

நாளை ஒரு மணிக்குச் சாந்தகுமாரி லாக்கரைத் திறப்பாள்.