கையைக் கட்டக் கூடாது

மாமியார் ராமாத்தாள் மேல் சௌந்திரத்துக்கு இருந்த ஆத்திரம் ஒன்றே ஒன்றுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் மருமகளிடம் சொல்லுவாள். மகன் தலையைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள்.

காலையில் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும், ஆரம்பித்துவிடும்.

"இங்க பாரு அம்மிணி, என்னைய எந்த ஆஸ்பத்திரிக்கும் ஏத்திப் போடாதீங்க. மூக்குல குழாய் வேண்டாம். கையைக் கட்டக் கூடாது. தண்ணின்னு கேட்டாத் தண்ணி குடுக்கோணும். இந்த ஊட்டுல இந்தக் கட்டல்லயே கெடந்து போய்ச் சேர்றன். வலிக்கு மட்டும் டாக்டரு வந்து ஊசி போடட்டும். தெரியுதா?"

"தெரியுதுங்க அத்தை. இதை உங்க மகன்கிட்டச் சொல்லுங்க."

"அவன்கிட்ட எப்படிச் சொல்றது? மனசு ஒடஞ்சு போயிருவான்."

"என்ற மனசு ஒடயாதுங்களா?"

"உனக்கென்ன, நீ கெட்டிக்காரி."

இப்படி ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கஞ்சியில் இரண்டு வாய் குடித்து மூஞ்சியைச் சுளித்துக்கொள்வாள். பொழுது சாய்ந்து கந்தப்பன் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கி எப்படிம்மா இருக்குது?" என்று கேட்பான். "எனக்கென்ன சாமி, நல்லாத்தான் இருக்கறன். நீ சாப்பிட்டியா?" என்பாள் ராமாத்தாள். கதவோரம் நிற்கும் சௌந்திரத்துக்குக் கையிலிருக்கும் சொம்பைத் தூக்கி எங்காவது எறியலாமா என்று இருக்கும்.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே, தோட்டத்து நடுவில் இருந்தது அவர்கள் வீடு. எண்பத்தி மூன்றாம் வருஷம் அது. மழை பொய்த்து, கிணறெல்லாம் பாறை தெரியக் கிடந்தது. ஊருக்கு ஊர் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ரிக் லாரியில் பங்கு வைத்திருந்த கந்தப்பனுக்கு நிற்க நேரமில்லை. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. டவுனில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் அப்புசாமி படம் எல்லாம் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது. கோயமுத்தூரில் அறுத்துப் பார்க்கலாம். அறுத்தாலும் பிரயோஜனம் இருக்கும் என்று தனக்குத் தோன்றவில்லை.

அத்தனையும் கேட்டுவிட்டு வெளியே வந்த கந்தப்பன், "அறுத்துப் பாக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு பாத்தியா," என்றான்.

"மத்ததையும் சொன்னாருங்களே?"

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

ராமாத்தாளின் பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா பாவாயியை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட இருந்தது ராமாத்தாள்தான். மூக்கில் வைத்த குழாயைப் பாவாயி பிடுங்கிப் பிடுங்கிப் போட, கடைசியில் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்கள். தண்ணி தண்ணி என்று கேட்டவளுக்குப் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். இனி ஆகாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி ஏற்றிவிட, சங்ககிரி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. வெளியில் செத்தவளை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்று, பாவாயி கட்டிய வீட்டுக்கே அவளைக் கொண்டுபோகாமல் காட்டோரம் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். இதை ராமாத்தாள் பெற்ற பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. சொன்னது மருமகளிடம்தான்.

சௌந்திரம் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அத்தைக்கு ஆஸ்பத்திரி போக இஷ்டமில்லீங்க. ஊட்டுலயே இருக்கோணும்ங்கறாங்க."

"அம்மா சொல்லுச்சா, நீ சொல்றியா?"

"அவங்கதானுங்க. வேணும்னா வந்து கேளுங்க."

வந்தான். கட்டிலோரம் நின்று, "ஏம்மா, ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னியாமா?" என்று கேட்டான்.

ராமாத்தாள் மகன் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கி நின்றான் அவன். "நான் எங்க சாமி சொன்னேன்? உன்ற இஷ்டம்," என்றாள்.

கந்தப்பன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். அவன் போன பிறகு, "ஏனுங்க அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "அவன் கண்ணைப் பாத்தியா? எப்படிச் சொல்றது?" என்று பதில் வந்தது.

டவுனுக்குப் பஸ் ஏறி டாக்டரிடம் போனாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"நீ சொல்றது நியாயம்மா. வலியில்லாம வெச்சுக்க என்னால முடியும். ஆனா மருமக பேச்சைக் கேட்டு நான் நிறுத்திட்டேன்னு வெச்சுக்க, உங்க ஒறம்பரைச் சனம் பூரா என் வாசல்ல வந்து நிக்கும். பையன் சொல்லோணும். இல்ல, அந்தம்மா நாலு பேரு முன்னால வாயைத் தொறந்து சொல்லோணும். நானும் அவங்களைக் கேட்டனே! 'உங்களுக்குத் தெரியாததாங்க டாக்டரு'ன்னு சிரிச்சாங்க."

"என்கிட்ட மட்டும் பேசறாங்களே!"

"அது உன் தலையெழுத்து," என்றார் அவர். அவருக்கும் சலித்துப் போயிருந்தது.

இதற்குள் செய்தி எடப்பாடி வரைக்கும் போய்விட்டது. அங்கே வாக்கப்பட்ட நாத்தனார் குப்பாயி வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா ஆஸ்பத்திரி வேண்டாங்குதாமே! என்ன சண்டை உங்களுக்குள்ள?" என்றாள்.

அவர்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். வயசானவர்கள் சோறு வேண்டாம் என்றாலும் மருந்து வேண்டாம் என்றாலும், யார் மேலோ கோபம் என்றுதான் அர்த்தம். கோபம் யார் மேல் என்று கண்டுபிடித்துச் சமாதானம் பண்ணிவிட்டால் மருந்து குடித்துவிடுவார்கள். வயிற்றில் கட்டி என்பதெல்லாம் அப்புறம்.

"சண்டை ஒண்ணுமில்லீங்க நங்கை."

"சண்டையில்லாமயா சாகறேங்குது?"

அந்த வாரமே கந்தப்பன் குலதெய்வக் கோவிலுக்குப் போய்ப் பூக் கேட்டு வந்தான். வெள்ளைப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. ரிக் லாரியை எந்தத் திக்கில் கிளப்புவது என்றாலும் அவனுக்குப் பூதான்.

"வெள்ளைப் பூ வந்துருச்சு," என்றான், முகமெல்லாம் தெளிந்து.

"என்னன்னு கேட்டீங்க?"

"வெள்ளை வந்தாக் கோயமுத்தூரு, செவப்பு வந்தா வேலூருன்னு."

"போகலாமா வேண்டாமான்னு கேட்டீங்களா?"

"அதை எதுக்குச் சாமிகிட்டக் கேக்கோணும்? போறதுன்னு முடிவாயிருச்சில்ல?"

சௌந்திரம் அடுப்படிக்குப் போய், வெந்துகொண்டிருந்த பருப்பை வேண்டிய மட்டும் கடைந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்பாசடர் கார் வந்து வாசலில் நின்றது. ராமாத்தாளின் தம்பி பச்சமுத்து வழியனுப்ப மோகனூரிலிருந்து வந்திருந்தார். பிறந்த வீட்டு ஆள். அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அக்கா மனசில் குறையோடு வண்டி ஏறக் கூடாது என்று, கிளம்புவதற்கு முன்னால் பேசித் தீர்த்துவிட முடிவு பண்ணினார். கட்டிலைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்தார்.

"அக்கா, மனசுல என்ன குறை இருந்தாலும் சொல்லிப் போடு. இந்தப் புள்ள சோறு சரியாப் போடறதில்லையா?"

"போடறாடா."

"ஏதாவது எதிர்த்துப் பேசினாளா?"

"இல்லடா."

"அப்பறம் என்ன? சந்தோஷமாப் போயிட்டு வா."

ராமாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம் சாமி," என்றாள். அவள் கை மட்டும் மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. நீ சொல்லு என்று அர்த்தம்.

அந்த இழுப்பில்தான் சௌந்திரத்துக்குப் பொறுமை அற்றுப்போயிற்று. முந்தானையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். உள்ளே போய், மாமியாரின் சேலைகளை டிரங்குப் பெட்டியில் திணித்து, எல்லோர் நடுவிலும் கொண்டுவந்து தொப்பென்று வைத்தாள்.

"அத்தைக்கு ஒரு குறையுமில்லீங்க மாமா. ஆசைப்பட்டுத்தான் போறாங்க. கார் எப்ப வரும், கார் எப்ப வரும்னு நேத்தெல்லாம் ஒரே நச்சரிப்பு."

ராமாத்தாள் திரும்பினாள். "என்னது?"

"மூக்குல குழாய் வெச்சாலும் பரவால்லீங்களாம். கையைக் கட்டினாலும் பேசாம இருப்பாங்களாம். தண்ணி குடுக்காட்டியும் கேக்க மாட்டாங்களாம். என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க."

"அடிப் பாவி! நான் அப்படியாடி சொன்னேன்?"

"பின்னே எப்படிச் சொன்னீங்க? எனக்கு மறந்து போச்சுங்க அத்தை. நீங்களே சொல்லுங்க."

ராமாத்தாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். எழுந்து உட்கார்ந்து பத்து நாளாகியிருந்தது.

"நாறச் சிறுக்கி! உன்னைய நம்பிச் சொன்னேன் பாரு! நான் எங்கயும் வரலடா கந்தப்பா. உன்ற பெரியம்மாளுக்குக் கையைக் கட்டிப் போட்டாங்கடா, மாட்டைக் கட்டறாப்பல. நான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். 'ராமாத்தா, அவுத்து உடுடீ'ன்னு கெஞ்சினா. அவுக்கலையே நான்! ஒரு மொடக்குத் தண்ணி குடுக்கலையே! அறுத்தாலும் பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். இந்த ஊட்டுல எனக்குத் தண்ணி குடுத்து, வலிக்கு ஊசி போட்டு, கையைக் கட்டாம உடுங்கடா. அவ்வளவுதான். இதுக்கு ஒரு காரு, ஒரு பஞ்சாயத்து!"

மூச்சு வாங்கியது. குப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கந்தப்பனுக்கு வாய் குழறியது.

"பெரியம்மா கையையா கட்டினாங்க? நான் வெளிய டீக்கடையிலதானே இருந்தேன்... எனக்கு யாரும் சொல்லலையே."

பச்சமுத்து தொண்டையைச் செருமினார். "அக்கா ஏதோ கோவத்துல பேசுது. கொஞ்ச நேரம் போனா..."

"கோவமில்லடா பச்சமுத்து. வயித்துல கட்டி!"

கந்தப்பன் மெதுவாகக் கேட்டான்: "பூ வேற கோயமுத்தூருன்னு வந்துருச்சேம்மா?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கறன். எப்படியும் சீக்கிரம் பாக்கத்தானே போறேன்."

கந்தப்பன் வெளியே போனான். டிரைவரிடம் என்ன சொன்னானோ, கார் வெறுமனே கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. வாசலிலேயே நெடுநேரம் நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் சொல்லி வரக் கிளம்பினான்.

சௌந்திரத்துக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்வார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பச்சமுத்து ஊருக்குக் கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவங்க இருக்கற வரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ அம்மிணி. பெட்டியக் கொண்டாந்து தொப்புன்னு வெச்சே பாரு, அது நல்லாயில்ல," என்று புத்தி சொன்னார். "சரிங்க மாமா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. எடப்பாடியில் இந்தக் கதை எப்படிப் போய்ச் சேரும் என்பது அவளுக்கு இப்போதே தெரிந்தது. மருமகள் கார் வரவழைத்துக் கிழவியைத் தள்ளிவிடப் பார்த்தாள். மகன்தான் தடுத்து நிறுத்தினான்.

ராமாத்தாள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கஞ்சி வேண்டும் என்றால் குப்பாயியிடம் சொல்லி அனுப்பினாள். ஆனால் மற்றவர்களிடம் திறந்த வாயை மூடவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போடு, சாகும்போது கூட்டமாக வந்து மூச்சு முட்ட நிற்காதீர்கள், இன்னார் வந்தால் உள்ளே விடாதே என்று அன்றைக்கெல்லாம் ஓயாமல் உத்தரவு வந்தது. ஒவ்வொன்றுக்கும் கந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றான். உடைந்து போவான் என்றார்களே, ஆள் முழுசாகத்தான் இருந்தான்.

மறுநாள் டாக்டர் வந்தார். ராமாத்தாள் வாயாலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு ஊசியைப் போட்டார். "பகல்ல கம்பவுண்டர் வந்து போடுவாரு. ராத்திரி வலி வந்தாப் போடறதுக்கு ஊட்டுல ஒருத்தரு கத்துக்கோணும். யாரு?" என்று கேட்டார்.

கந்தப்பன் ஊசியைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "நான் பழகிக்கறேங்க," என்று குப்பாயி முன்னால் வந்தாள்.

"உன்ற கை நடுங்கும், நீ வேண்டாம்," என்றாள் ராமாத்தாள். "அவளுக்குச் சொல்லிக் குடுங்க டாக்டரு."

"யாருக்கும்மா?"

"அதா, கதவோரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நிக்கறாளே, அவளுக்கு."

"அவகூடத்தான் பேசறதில்லையே நீ!" என்றாள் குப்பாயி.

"பேச்சு வேற, ஊசி வேற. அவதான் வேணும்."

சௌந்திரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து டாக்டர் பக்கத்தில் நின்றாள். பேசினால் இன்னொரு சண்டை ஆகிவிடும் என்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஊசியைக் கையில் வாங்கினாள்.