ஜமீந்தார் எழுந்திருக்கவில்லை

சரஸ்வதி பூஜையன்று காலை, கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் சிவராமின் கணினி சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு, மௌஸ் வாலில் ஒரு முழம் பூவோடு, புதுமாப்பிள்ளை மாதிரி சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

“காகு, நேத்து சாயங்காலம் எதைத் தொட்டீங்க?”

பேசியது கீதாஞ்சலி. பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வங்காளம்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வரும். சித்தப்பா வயதில் யாரைப் பார்த்தாலும் காகுதான்.

“பெரிசா ஒண்ணும் இல்லையேம்மா. தண்டத்துக்கு இருந்த ஒரு வரியை எடுத்தேன்.”

“அந்தத் தண்ட வரி இல்லாம பெருவில ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு மிஷின்கூட எழுந்திருக்கல. வாத்தியார் அழாத குறையா மெயில் போட்டிருக்கார். நான் துர்காபூர்ல மாமா வீட்டுல இருக்கேன், என் சாவி பெஹாலால இருக்கு. சாவி வச்சிருக்கற ராகுலும் மத்தவங்களும் ஊருக்குப் போயிட்டாங்க. நீங்கதான் திரும்பப் போடணும். இப்பவே.”

சிவராம் திரும்பிப் பார்த்தார். கணினிக்கும் அவருக்கும் நடுவில் மனைவி சுப்புலக்ஷ்மி, கையில் கற்பூரத் தட்டோடு நின்றாள்.

“நாளைக்குப் புனர்பூஜை ஆகற வரைக்கும் குண்டூசியைக்கூடத் தொடப்படாது,” என்றாள். “பெருவாவது கருவாவது.”

ஆக, உலகத்தின் இன்னொரு மூலையில் பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே சிவராம் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபொடிங் என்றால் வங்காளத்தில் தத்துக்கிளி. யாரும் சீந்தாத பழைய கணினிகளையும் துள்ள வைக்கும் ஓர் இயங்குதளத்துக்கு அந்தப் பெயரை வைத்து, இலவசமாக உலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது கல்கத்தாவில் ஒரு சின்னக் கூட்டம். தலைவி கீதாஞ்சலி. மூலநிரலில் நேரே கைவைக்கும் உரிமைக்கு அவர்கள் பாஷையில் சாவி என்று பெயர். அது நாலைந்து பேரிடம்தான் இருந்தது. வங்கி அதிகாரியான சிவராமிடமும் ஒன்று. வங்கி லாக்கர் சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர், இந்தச் சாவியை மட்டும் பொன்போல வைத்திருந்தார். வங்கியில் அவர் ‘சார்’, வீட்டில் ‘ஏன்னா’, ஞாயிற்றுக்கிழமை ஃபொடிங் கூட்டத்தில் மட்டும்தான் சிவராம்.

அவர் எடுத்தது, ‘டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்வரை கொஞ்சம் பொறு’ என்கிற வரி. இருபது வருஷமாக வாடிக்கையாளர்களைக் காக்க வைத்தே சம்பளம் வாங்கியவருக்கு, ஒரு கணினி சும்மா காத்திருப்பது பொறுக்கவில்லை. அவருடைய புதுக் கணினியில் அந்த வரி இல்லாமலே எல்லாம் ஜம்மென்று ஓடியது. தூக்கம் கலைய நேரம் எடுக்கும் கிழட்டு டிஸ்க்குகளை அவர் நினைக்கவே இல்லை. ஃபொடிங்கே கிழடுகளுக்காகத்தான் என்பதையும் சேர்த்து.

விஜயதசமியன்று புனர்பூஜை முடிந்த கையோடு, குங்குமத்தைக்கூடத் துடைக்காமல் வரியைத் திரும்பப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திட்டு வாங்கத் தயாராகக் கூட்டத்துக்குப் போனார். அங்கேதான் வினை. அது பிஜோயா காலம். பூஜை முடிந்து கட்டித் தழுவி இனிப்பு ஊட்டும் அந்த நாட்களில் கல்கத்தாவில் யாரும் யாரையும் கடிந்துகொள்வதில்லை.

“கீதா, என் சாவி...”

“ஷுபோ பிஜோயா, காகு!” வாயில் ஒரு தேங்காய் உருண்டை விழுந்தது.

“ராகுல், என் சாவியைப் பத்தி ஏதாவது முடிவு...”

“தேகா ஜாக்,” என்றான் ராகுல். பார்க்கலாம் என்று அர்த்தம். அர்த்தம் தெரியாமலா இருக்கிறது? கடன் கேட்டு வந்தவர்களிடம் அதையே தமிழிலும் இங்கிலீஷிலும் ஆயிரம் தடவை சொல்லிப் பழகியவர் அவர். அப்படிச் சொன்ன எந்தக் கடனும் இதுவரை கிடைத்ததில்லை.

கீதாஞ்சலி வேறு விஷயத்தை எடுத்தாள். “இனிமே யார் எதைப் போட்டாலும், அப்பவே மொத்தத்தையும் கட்டி ஓட்டிப் பார்த்து ‘சரி’, ‘தப்பு’ன்னு சொல்ல ஒரு காவல்காரன் வேணும். மூணு இடம் பார்த்து வச்சிருக்கேன். மூணுக்கும் ஒரே பரீட்சை.”

“என்ன பரீட்சை?” என்றார் சிவராம்.

“உங்க வரி இல்லாத ஃபொடிங். அதை எது பிடிக்குதோ அதான் நமக்கு.”

தன் தவறு கேள்வித்தாள் ஆகும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சிவராம் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

முதலாவது, வெளிநாட்டில் யாரோ புண்ணியவான்கள் நடத்திய இலவசச் சேவை. அனுப்பிய மறுநாள் பதில் வந்தது: ‘கட்டியாயிற்று, குறை ஒன்றுமில்லை.’ வீடு கட்டி முடிந்தது என்று சொல்வார்கள். கதவு திறக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

இரண்டாவது, ஸால்ட் லேக்கில் ஒரு கம்பெனி. அங்கிருந்து டை கட்டிய ராஜ்மோகன் என்பவர் வண்ண வண்ணமாக வரைபடங்களோடு வந்தார்.

“ஆரோக்கியம் தொண்ணூறு சதவீதம், மேடம்.”

“எழுந்துதா, இல்லையா?”

“மொத்தத்துல பார்த்தா நல்ல முன்னேற்றம்.”

“எழுந்துதா?”

“எங்க மாதிரிக் கணினியில பிரமாதமா எழுந்தது, மேடம்.”

மாதிரிக் கணினி என்றால் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி. அதற்குள் ஒரு பொய் டிஸ்க். பொய் டிஸ்க் சுழலவே வேண்டியதில்லை. பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆனாலும் அந்த வரைபடங்கள் அழகு. இதற்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள்.

மூன்றாவது ஹவுராவில், ராகுலின் அப்பாவுடைய லேத் பட்டறையில், பின்பக்க அறையில் இருந்தது. ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய ஒரு பழைய கணினி. சாவகாசமாக எழும் என்பதால் ஜமீந்தார் என்று பெயர். தலைக்கு மேலே ராகுல் பச்சை பல்பு ஒன்று, சிவப்பு ஒன்று மாட்டியிருந்தான். எழுந்தால் பச்சை, எழாவிட்டால் சிவப்பு. வரைபடம் கிடையாது.

“கரன்ட் போனா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரெண்டும் எரியாது. அதுவும் பதில்தானே?” என்றான் ராகுல்.

சிவராமின் வரி இல்லாத ஃபொடிங்கை ஏற்றினார்கள். ஜமீந்தார் ஒரு முறை கனைத்தார். மின்விசிறி உறுமியது. திரை கறுப்பாகவே இருந்தது. மண் குவளையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் எழுந்துவிடக் கூடாதே என்று சிவராம் தன் தப்புக்காகவே வேண்டிக்கொண்டார்.

பளிச்சென்று சிவப்பு எரிந்தது. பட்டறையே கைதட்டியது. லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் விஷயம் தெரியாமலே தட்டினார்கள். வரியைத் திரும்பப் போட்டு ஏற்றியதும், சோம்பல் முறித்துக்கொண்டு பச்சை. சிவராம் எழுதிய எதற்கும் இதற்கு முன்னால் யாரும் கைதட்டியதில்லை. எல்லாரோடும் சேர்ந்து அவரும் தட்டினார். ஆனால் சாவி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது ஹவுராவிலிருந்து பாபுகாட் போகும் படகில் கீதாஞ்சலியும் அவரும்தான். அவள் ஜால்மூரி என்கிற காரப்பொரிப் பொட்டலத்தை நீட்டினாள்.

“வேண்டாம். இந்த ரெண்டு வாரமா வாயில எதையாவது போட்டே என்னை அடைச்சுட்டேள். ஒரு கேள்வி கேக்கறேன். தேகா ஜாக்னு சொன்னே, இப்படியே ஆத்துல குதிச்சுடுவேன்.”

“சட்டைப்பையில செல்போன் இருக்கு காகு, எடுத்துக் குடுத்துட்டுக் குதிங்க.”

“என் சாவி இருக்கா, போச்சா?”

அவள் வாயிலிருந்த பொரியை மென்று முடித்தாள்.

“போச்சு.”

சிவராம் தண்ணீரைப் பார்த்தார்.

“என்னோடதும் போச்சு,” என்றாள். “ராகுலோடதும். இனிமே யார்கிட்டயும் சாவி கிடையாது. யார் எழுதினாலும் முதல்ல ஹவுரா. ஜமீந்தார் எழுந்தா உள்ள, எழலைன்னா வெளிய.”

“அது வரிக்குச் சொல்றே. நான் உள்ளயா, வெளியவா? அதைச் சொல்லு.”

“உள்ள. நீங்க எழுதறது சுமார்தான் காகு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அந்த வரியை எடுக்கலைன்னா அந்த டைக்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டிருப்போம். உங்களை மாதிரி உடைக்க எங்க யாராலயும் முடியாது. ஞாயித்துக்கிழமை வந்துடுங்க.”