ஷெரீப்பின் கழுதை

ஒரே ஒரு 'த்' விட்டுப்போயிற்று. தட்டச்சு செய்த புண்ணியவான் நானேதான். என் நாவலில், புதையல் வரைபடத்துக்காகக் கொள்ளைக்கூட்டத் தலைவன், ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீப்பின் கழுத்தை நெரிக்க வேண்டிய இடத்தில் 'ஷெரீப்பின் கழுதை நெரித்தான்' என்று விழுந்துவிட்டது. நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் திருத்திவிட்டேன். கழுதை இருந்த பிரதியைப் படிக்கக் கொடுத்தது இரண்டே பேரிடம்: என் மனைவி, அவள் தம்பி.

புத்தகம் வந்தது. பழைய அமெரிக்கப் பாலைவனம், ஐந்து கொள்ளைக்காரர்கள், ஒரு பெட்டித் தங்கம். புத்தகம் விற்கும் இணையதளத்தில் வாசகர் கருத்துகள் குவிந்தன. குவிந்தன என்றால், ஆறு. ஐந்தில் தேன் ஒழுகியது. அந்தத் தேனை நம்பி, ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையைத் திங்கட்கிழமை விட்டுவிட்டு இரண்டாம் பாகம் எழுதப்போவதாக வீட்டில் அறிவித்திருந்தேன்.

ஆறாவது, 'ஒரு வாசகர்' என்று மட்டும் போட்டு வந்த மொட்டைக் கடுதாசி.

"ஐந்து கொள்ளைக்காரர்களும் ஒரே வாயால் பேசுகிறார்கள். புதையல் கிடைத்ததும் அப்பாடா என்றிருந்தது, கதை முடிந்ததே என்று. கழுதையை நெரிக்கும் இடத்தில் மட்டும் சிரித்தேன்."

அச்சில் இல்லாத கழுதை இந்த ஆளுக்கு எங்கே கிடைத்தது?

மச்சான்தான். போன வாரம் "பின்னிட்டீங்க மாமா" என்றபோதே அவன் சிரிப்பு சரியில்லை. அவனுடைய ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். இயந்திரத்தைத் திறந்து, சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, என் கதைல புதையல் எங்க இருந்துச்சு?"

அவன் கை நின்றது. "குகைலதானே மாமா?"

"கிணத்துல."

"அதான், குகைக்குள்ள இருக்கற கிணறு."

"கிணறு சர்ச்சுக்குப் பின்னாடி இருக்குடா."

"சத்தியமா மாமா, ஆரம்பத்துல குதிரை தண்ணி குடிக்குதுல்ல, அங்கயே தூங்கிட்டேன். ஆனா அக்கா சொன்னாளேன்னு நல்லதா நாலு கருத்து போட்டேன், வேற வேற பேர்ல. அந்த அஞ்சாவதுதான் யாருன்னு தெரியல."

ஐந்தாவது நான் போட்டது. பேச்சை மாற்றிவிட்டு நடையைக் கட்டினேன்.

வீட்டில் மனைவி தன் நர்ஸ் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த 'ஒரு வாசகர்' நீயா?"

"ஆமா."

"என்கிட்ட நல்லாருக்குன்னு சொன்னியே!"

"படிக்கறப்ப பக்கத்துலயே நின்னு என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்க. வேற என்ன சொல்றது? தம்பியையும் நாலு வார்த்தை நல்லதா போடச் சொன்னேன். அத நம்பி நீங்க வேலைய விடுவீங்கன்னு கண்டேனா?"

"சரி, இப்பவாவது நேரா சொல்லு. வேலைய விடலாமா, கூடாதா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"விடாதீங்க. புக்கு நல்லா இல்ல. ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் சொல்றேன். அந்தக் கிழட்டுக் கொள்ளைக்காரன் பொண்டாட்டி செருப்பத் தச்சுக் குடுக்கறான் பாருங்க, அந்த ஒரு பக்கம் மட்டும் நல்லா இருக்கு. அந்த மாதிரி எழுதறதுன்னா சாயங்காலத்துல எழுதுங்க, நான் படிக்கறேன்."