புகை உட்கார்ந்த நாற்காலிகள்

தனுஷ்கோடி சிகரெட் பிடிக்கப் பிடிக்க வீட்டில் நாற்காலிகள் கூடிக்கொண்டே போயின. சிகரெட்டின் நிகோடின் வந்து ஒட்டிக்கொள்கிற, மூளைக்குள் இடம் போதாமல் வெளியே வந்துவிட்ட புரதங்கள்தான் அவை என்றார் டாக்டர். புகை வந்து உட்காரும். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. அடுத்த புகைக்கு இடம் வேண்டுமே என்று இன்னொரு நாற்காலி வந்து நிற்கும். கூடம் நிறைந்து, அடுக்களையும் நிறைந்த பிறகு, தனுஷ்கோடி குளிக்கப் போவதென்றால் பக்கவாட்டில் நடந்துதான் போனார்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் மகள் எழிலி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தொட்டில் கட்ட இடமில்லாத வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டேன்ப்பா. மாமியார் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

முதல் பேரப்பிள்ளை. தனுஷ்கோடி கையிலிருந்த சிகரெட்டை அணைத்து, பாக்கெட்டோடு குப்பையில் போட்டார்.

உட்கார்ந்திருந்த புகை மெல்ல எழுந்து போனது. காலி நாற்காலிகள் சும்மா இருக்குமா? அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லாம் ஒன்று சேர்ந்து காலைத் தரையில் தேய்த்தன. டீ குடித்தால் இன்னும் மோசம்.

"யாரும் உட்காரலைன்னா தானாப் போயிடும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க" என்றார் டாக்டர்.

தனுஷ்கோடி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். மனைவி பாக்கியவதிக்குத்தான் மனசு கேட்கவில்லை. நல்ல சாமான் வீணாகக் கிடக்கிறதே என்று, கீழ்வீட்டுக் காதுகுத்துக்கு நாற்காலிகளை இரவல் கொடுத்துவிட்டாள். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தீப்பெட்டி கேட்டார்கள். பீடியைத் தொட்டே அறியாத தாய்மாமன்கூட, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்டார். சாயங்காலம் நாற்காலிகள் புதுசாகச் சிலவற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

தனுஷ்கோடி தலையிலடித்துக்கொண்டார்.

"ஒத்தாசை செஞ்சது தப்பாங்க?"

"தப்பில்ல. இனிமே வர்றவங்களை உக்காரச் சொல்லாதே."

அதிலிருந்து சொந்தக்காரர்கள் நின்றபடியே காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் நாற்காலி யாருக்கும் தெரியாமல் படியிறங்கிப் போனது. மற்றவை பிறகு கூச்சம் விட்டுக் கண்ணெதிரிலேயே இறங்கின. ஒருநாள் கூடத்தில் தரை தெரிந்தது. தனுஷ்கோடி அதில் குப்புறப் படுத்துச் சந்தோஷத்தில் அழுதார். கடைசியில் மூன்று நாற்காலிகள் மட்டும் நின்றுவிட்டன. அவை பிறவியிலேயே வந்தவை, இருக்கட்டும் என்றார் டாக்டர். தனுஷ்கோடி உத்தரத்தில் தொட்டில் கட்டினார்.

எழிலி வந்த ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பேத்தியின் வாசனை மாடியேறி வந்துவிட்டது. பாலும் வசம்பும் கலந்த வாசனை. நடு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. பாக்கியவதி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னது.

தனுஷ்கோடி எழுந்து போய்க் கூட்டி வைத்தார்.