குற்றாலம் டவரில் இரண்டு டிஷ்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். ஒரு பொறியாளர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. 'மொபைல் நெட்வொர்க்குகளில் மைக்ரோவேவ் பேக்ஹால்: இன்றைய போக்குகள்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்து, தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன். வேலை முடிந்த பிறகு எனக்கு வேலை இல்லை.

மூன்று பத்திகள் ஒழுங்காக வந்தன. நான்காவதில் உதாரணத்துக்குக் குற்றாலம் டவரைக் கொண்டுவந்தேன். அதில் ஏறியவர் பெயர் கடற்கரை என்று எழுதினேன். கட்டுரையில் டவர் ஏறுகிறவருக்குப் பெயர் தேவையில்லை. பெயர் வந்த பிறகு அது கட்டுரையாக இருக்கவில்லை. மலருக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இது.

2

தொடக்கங்கள்:

(அ) சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக் கடைத்தெருவில் வெயிலும் ஈரமும் ஒன்றாக [அடித்துவிட்டேன். லாட்ஜ் விளம்பரம் போல இருக்கிறது.]

(ஆ) உலகெங்கும் தரவுத் தேவை பெருகிவரும் இந்நாளில் [இதைப் படிப்பவர் யாரும் அடுத்த வரிக்கு வரமாட்டார்.]

(இ) முஹ்ஸினா இறந்த பிறகு நான்

மூன்றாவதை அடிக்கவில்லை. முடிக்கவும் இல்லை.

3

சங்கம் கொடுத்த தலைப்புக்குக் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறேன்.

உங்கள் போன் பக்கத்து டவரோடு பேசுகிறது. அந்த டவர் மற்ற உலகத்தோடு எப்படிப் பேசும்? தரைக்கடியில் கேபிள் போகிற இடத்தில் கேபிள் வழியாக. மலையும் பாறையும் உள்ள இடத்தில் டிஷ் வழியாக. ஒரு டவரில் ஒரு டிஷ், எதிர் டவரில் இன்னொன்று, நடுவில் வெறும் காற்று. இதுதான் பேக்ஹால்.

பழைய டிஷ் பெரியது. குறைந்த அலைவரிசை, குறைந்த தரவு. மழையைப் பொருட்படுத்தாது. புதியது சாப்பாட்டுத் தட்டு அளவு. பத்து மடங்குக்கு மேல் தரவு தரும். ஆனால் மழைத்துளி அதன் அலையைக் குடித்துவிடும். இன்றைய போக்கு என்று கேட்டால், இரண்டையும் சேர்த்து வைப்பது. வெயிலில் புதியது ஓடும். பெருமழையில் வீடியோவையெல்லாம் விட்டுவிட்டு, பேச்சை மட்டும் பழையது தூக்கிக்கொள்ளும்.*

* இன்னொரு போக்கும் உண்டு. டவர் வாடகை டிஷ் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். அதனால் பழையதை இறக்கிவிடுவது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருந்தது பழைய இணைப்பு. அதன் பக்கத்தில் போன மாதம் புதியது ஏறியது. பழையதை இறக்கலாமா என்று, அதைப் பராமரிக்கும் பொறியாளனான நான் நிறுவனத்துக்கு ஒரு வரி பதில் சொல்ல வேண்டும். கதை இந்த வரிதான். மற்றதெல்லாம் அதைத் தள்ளிப்போடுவது.

4

அந்த வரி யாருக்கு முக்கியம் என்று சொல்ல வேண்டும். நல்லகண்ணுவுக்கு.

முதல் பிரதியில் இவருக்கு நரைத்த மீசையும் காட்டைப் பற்றிய ஞானமும் கொடுத்திருந்தேன். இரண்டும் அவரிடம் இல்லை. அருவிக்கு மேலே, செண்பகாதேவிப் பாதையில் தற்காலிகக் காவலர். மேலே தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் சேர்ந்து வரத் தொடங்கினால், கீழே அருவிக்கரையில் இருக்கும் போலீஸுக்குப் போன் செய்வார். அவர்கள் விசிலடித்துக் கூட்டத்தை வெளியேற்றுவார்கள். தலையில் எண்ணெயும் கண்ணில் சீயக்காயுமாக நிற்பவர்கள் வெளியே வர அந்த அவகாசம்தான். அவர் நிற்கும் இடத்துக்கு வேறு டவர் எட்டாது.

சோதனைக்காகப் பழையதை அணைத்து வைத்திருந்த வாரம் அவர் என்னை அழைத்தார்.

"என்னவே பாய், நேத்து ஒம்ம டவரு செத்துப்போச்சு?"

"மழைல்லா அண்ணாச்சி."

"மழைக்குத்தானவே எனக்குப் போனு. வெயில்ல நான் யாருக்குப் பேச? எம் பொண்டாட்டிக்கா? அவளே எடுக்க மாட்டா."

"தண்ணி வந்துதா?"

"வரல. வந்திருந்தா நான் இப்படிச் சிரிச்சிக்கிட்டா பேசுவேன்?"

அன்றே பழையதை ஓடவிட்டேன். மதுரை அலுவலகத்துக்கு எழுதினேன்: மழையில் புதியது நிற்கவில்லை, பழையது இருக்கட்டும்.

5

மதுரையில் ஆதித்தன் இருக்கிறார். என் மேலாளர். கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் அழுதவர் அவர்.

"ஹுஸைஃபா, அன்னைக்குப் பெஞ்ச மழை எவ்வளவு?"

"சாரலுக்குக் கொஞ்சம் மேல."

"அந்த மழைக்கு அந்த லிங்க் விழக்கூடாதுய்யா. கணக்குப் பாத்தியா?"

"விழுந்துச்சு சார்."

பிறகு சொன்னார்: "கோவிச்சுக்காத. அந்தப் பழைய டிஷ்ஷ இறக்க உனக்கு மனசு இல்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

6

பழைய டிஷ்ஷை நேர்செய்தது நானும் முஹ்ஸினாவும்.

முஹ்ஸினா என் கல்லூரி. ஒரே பிரிவு. பிறகு ஒரே நிறுவனம். அவள் கடையநல்லூர். அன்று டவர் மேல் நான். கீழே, ஜெனரேட்டர் அறையின் நிழலில், மடிக்கணினியோடு அவள். எதிர் டவரின் டிஷ்ஷை நேராகப் பார்க்கும்வரை டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். வந்து சேரும் அலையின் அளவை அவள் போனில் சொல்வாள்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. டிஷ்ஷின் அலைக்கு ஒரு உச்சி இல்லை, மூன்று. நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் சிறியது. திருப்பிக்கொண்டே போகும்போது முதலில் வருவது பக்கத்து உச்சி. அளவு ஏறும், நிற்கும், சரியாகிவிட்டது போலவே இருக்கும். அவசரக்காரர்கள் அங்கேயே போல்ட்டை இறுக்குவார்கள். இணைப்பும் ஓடும்.

அன்று முதல் உச்சி வந்ததும் இறுக்கவா என்றேன்.

"இறுக்காதீங்க. திருப்புங்க."

"எறங்குது பாரு."

"எறங்கட்டும். ஒண்ணுமில்லாமப் போவட்டும். அதுக்கு அங்கிட்டுதான் நம்ம உச்சி. திருப்புங்க."

ஒன்றுமில்லாமல் போனது. பிறகு ஏறியது. இன்னும் திருப்பினோம், இறங்கியது, மறுபடி சின்னதாக ஏறியது. அப்புறம்தான் நடுவுக்குத் திரும்பி வந்து இறுக்கினோம். "இப்ப இறங்கி வாங்க மாப்பிள்ள, டீ ஆறுது" என்றாள். எங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த சமயம். கல்யாணம் ஆன பிறகும் என்னை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுக் கிண்டல் செய்வாள்.

முஹ்ஸினா இறந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு வேறு வடிவம் எனக்குக் கிடைக்கவில்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நான் நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன் என்று. படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. எடுத்துவிட்டேன்.]

7

ஆதித்தன் கேட்ட பிறகு கணக்குப் பார்த்தேன். புதிய இணைப்பில் வர வேண்டிய அளவும் வருகிற அளவும் ஒட்டவில்லை. நூறில் ஒரு பங்குதான் வந்தது. வெயிலுக்கு அது போதும்.

மறுநாள் கடற்கரையைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். என்னைவிட மூத்தவர். புதிய டிஷ்ஷை ஏற்றியவர்.

"முழுசாத் திருப்பிப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"திருப்பினேன்."

"அந்தப் பக்கம் வரைக்கும்?"

அவர் ஹெல்மெட்டைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

"பாய், அன்னைக்குச் சாரல். கம்பி வழுக்குது. காத்து என்னத் தூக்கிட்டுப் போயி செங்கோட்டைல போடப் பாக்குது. மொத உச்சி வந்துச்சு, இறுக்கிட்டேன். கீழ இருந்த பயலும் லிங்க் வந்துட்டு அண்ணாச்சின்னான். ஓடுதுல்லா?"

"ஓடுது."

"பொறவு என்ன? மேல ஏறி நின்னு பாருங்க, தெரியும்."

"நின்னிருக்கேன்."

"ஆமா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீங்களும் அந்தப் புள்ளையும்."

8

ஆக, நிலைமை இது. சாதாரண மழைக்கே புதியது விழுந்தது, அது பக்கத்து உச்சியில் நின்றதால். பழையதை வைத்துக்கொள்ள நான் காட்டிய சான்று அந்த விழுதல்தான்.

முடிவு ஒன்று: யாரிடமும் சொல்லாமல் அப்படியே விடுகிறேன். புதியது விழுந்துகொண்டே இருக்கும். பழையது டவரிலேயே இருக்கும். நல்லகண்ணுவின் போன் போய்ச் சேரும். பொய்யின் மேல் நிற்கும், ஆனால் நிற்கும். ஒருநாள் வேறொருவர் கணக்குப் பார்க்கும்வரை.

முடிவு இரண்டு: நடுவுக்குத் திருப்புகிறோம். சாரலுக்கெல்லாம் புதியது அசையாது. ஆதித்தனுக்குப் பழையதை இறக்கக் காரணம் கிடைத்துவிடும். ஆனால் மலையில் தண்ணீர் கலங்கி வருகிற மழை சாரல் இல்லை. அந்த மழையில் நேராக நிற்கும் புதியதும் விழும் என்று சொல்வேன். அப்போது என்னிடம் சான்று இருக்காது, சொல் மட்டும் இருக்கும். பெண்டாட்டி நேர்செய்த டிஷ்ஷைக் காப்பாற்றுகிறவனின் சொல்.

விழும் என்று நான் நினைப்பது கணக்காலா, ஆசையாலா? இதை அளக்க என் மடிக்கணினியில் எதுவும் இல்லை.

முடிவு மூன்று: ஆதித்தன் தானாகவே புரிந்துகொண்டு, இரண்டும் இருக்கட்டும் என்கிறார். [வசதியாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

9

இப்போது ஜெனரேட்டர் அறை நிழலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கணினி. மேலே கடற்கரை போல்ட்டைத் தளர்த்திவிட்டார். பழைய டிஷ் ஓடுகிறது, யாருடைய பேச்சும் அறுபடாது. மலை உச்சி தெரியவில்லை, மேகம் இறங்கியிருக்கிறது. நல்லகண்ணு அங்கேதான் எங்கோ நிற்கிறார். கீழே அருவியில் நல்ல கூட்டம், வரும்போது பார்த்தேன்.

"பாய், திருப்புதேன்."

திரையில் எண் குறைகிறது. இன்னும் குறைகிறது.

"எறங்குதா?"

"எறங்குது அண்ணாச்சி."

"ரொம்பவா?"

ஒன்றுமில்லை என்று காட்டுகிறது திரை. புதிய இணைப்பு போய்விட்டது.

"பாய், கேக்குதா? முன்ன இருந்த எடத்துக்கே கொண்டுவந்து இறுக்கிரவா? சொல்லுங்க. கை வலிக்கி."

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஆறாம் பகுதியில் இருக்கிறது. அது என்னுடையது இல்லை, முஹ்ஸினாவுடையது. அதனால் வாய் வரவில்லையா, அதைச் சொன்னால் பழைய டிஷ் போய்விடும் என்பதாலா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இந்தச் சந்தேகம் எதுவும் இல்லை. டிஷ்ஷும் உங்களுடையது இல்லை, அவளும் இல்லை. அருவியில் நிற்பவர்களில் ஒருவர் வேண்டுமானால் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். அவர் பெயர் கடற்கரை. அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள்.