அடைக்கக் கூடாத ஓட்டை

பாடேறு மலைப்பாதையில் இரண்டாவது வளைவு தாண்டியதுமே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் பார்க்காதவன் மாதிரி ஓட்டினேன். முப்பது வருஷத்து லாரி, மலையேறும்போது கொஞ்சம் கோபப்படும், அப்புறம் தானாக இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன். மூன்றாவது வளைவில் பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மூடியது. அதற்கு மேல் எப்படி நடிப்பது? ஓரங்கட்டினேன்.

பின்னால் தொட்டியிலிருந்து அக்காவின் குரல் உடனே வந்தது. "டேய் தானியேலு! எதுக்குடா நிறுத்துற? நிறுத்தாத!"

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. லாரியின் முதுகு முழுக்கத் தார்ப்பாய்த் தொட்டி. அதில் அறுபதாயிரம் ரோகு மீன் குஞ்சு, ஒவ்வொன்றும் விரல் நகத்து நீளம். வண்டி குலுங்கினால் தண்ணீர் அலம்பும், தண்ணீர் அலம்பினால்தான் குஞ்சுக்கு மூச்சு. வண்டி நின்றுவிட்டால் தொட்டிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவர்கள் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கொண்டுவந்திருந்தோம். கோதாவரிப் பாலத்தில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டதில் அது அடிவாரத்திலேயே தீர்ந்துபோனது. விடிவதற்குள் மலைமேல் இருந்திருக்க வேண்டியவர்கள், காலை எட்டு மணி வெயிலில் மூன்றாவது வளைவில் நிற்கிறோம்.

அக்கா சுவார்த்தம்மா கைகலூரில் தன் குளத்தில் நாற்பது நாள் அந்தக் குஞ்சுகளை வளர்த்தவள். போன வருஷம் இதே மலைக்கு வேறு ஒருவன் வண்டியில் அவள் அனுப்பிய லோடு செத்து மிதந்தபடி போய்ச் சேர்ந்தது. மேலே சிந்தகொம்மா ஏரியில் மீன் வளர்க்கிற பெண்கள் சங்கம், இன்னொரு தடவை செத்த மீன் வந்தால் அவளிடம் குஞ்சு வாங்குவதையே விட்டுவிடுவோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தது. அதனால்தான் இந்த முறை என் வண்டி. அதனால்தான் ஐம்பது வயதில் அவளே தொட்டிக்குள் இறங்கி நின்றாள். "என் தம்பி வண்டி, பயமில்ல" என்று சங்கத்துக்குப் போனிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

"என்ன முதலாளி, வண்டி டீ போடுதா?" என்றான் நூகராஜு, தொட்டி விளிம்பில் தலையை நீட்டி. தண்ணீர் அடிப்பதற்கென்றே கூலிக்கு வருகிறவன். கை ஓயாது, வாயும் ஓயாது.

"நீ அடிடா, பேசாத."

"ரெண்டையும்தான் செய்யிறேன். எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வை."

பானட்டின் பக்கத் தகட்டை மடக்கித் தூக்கினேன். மீன் வண்டியில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது போன்ற தண்டனை வேறு எதுவும் இல்லை. தொட்டியிலிருந்து பத்து இடத்தில் தண்ணீர் சொட்டும், சேஸிஸ் வழியாக ஓடும், என்ஜினுக்கு அடியிலும் வரும். எது மீன் தண்ணீர், எது ரேடியேட்டர் தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? ராத்திரி துனி பக்கம் சாப்பிட நிறுத்தினபோது என்ஜினுக்குக் கீழே ஈரம் பார்த்தேன். மீன் தண்ணீர்தானே என்று கோங்கூராக் கீரைச் சோற்றைத் தின்று, கை கழுவி, வண்டி ஏறிவிட்டேன். எங்கள் தொழிலில் இந்தத் தப்பைச் செய்யாதவன் கிடையாது. ஆனால் நான் செய்தது அது மட்டும் இல்லை.

சொட்டுகிற இடத்தைத் துணியால் துடைத்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். துருவின் ருசி. தண்ணீர் பம்ப்தான். என்ஜினை அணைத்து, விசிறியைப் பிடித்து ஆட்டினேன். அந்த என்ஜினில் விசிறி பம்பின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். அது ஆடவே கூடாது, ஆடியது. பேரிங் போய்க்கொண்டிருந்தது. மொத்தமாகப் போனால் விசிறி முன்னால் பாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். பிறகு வண்டியை இழுக்க வேறு வண்டி வர வேண்டும். அதற்குள் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது.

ஏன் போகிறது என்று எனக்குத் தெரியும். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒரு மாதம் முன்னால் அதிலிருந்து சொட்டியது. எங்கள் ஊர் மெக்கானிக் மஸ்தான் பாய் குனிந்து பார்த்துவிட்டு, "அது பம்போட வாய்டா. உள்ள சீல் போனா அது வழியாத்தான் சொல்லும். நாலு நாள் பொறு, விஜயவாடாவிலேர்ந்து பம்ப் வரவழைக்கிறேன். அதுவரைக்கும் சொட்டட்டும், ஊத்திக்கிட்டே ஓட்டு. ஓட்டைய மட்டும் அடைச்சிராத" என்றார். ஊற்றி ஊற்றி ஓட்ட எனக்கு எரிச்சல். மறுநாளே ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, சோப்பு தடவி, சுத்தியால் அடித்து இறக்கி, நுனி மட்டும் தெரிகிற மாதிரி மிச்சத்தை அறுத்துவிட்டேன். சொட்டு நின்றது. பம்ப் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வெளியே வர வழியில்லாத தண்ணீர் ஒரு மாதமாக பேரிங்குக்குள் போய்க் கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தது.

பேரிங்குக்குள் போகிற தண்ணீர் இனியாவது வெளியே போகட்டும் என்று குறடால் குச்சியைப் பிடித்து உருவினேன். பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. நிமிர்ந்தால் அக்கா பக்கத்தில் நின்றாள், ஈரப் புடவையிலிருந்து தண்ணீர் சொட்ட.

"என்னடா அது கையில?"

"ஆப்பு."

"பம்புக்குள்ள ஆப்பு எப்படிடா வந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. "மஸ்தான் பாய் வச்சிருப்பாரு" என்றேன்.

அக்கா குச்சியை வாங்கிப் பார்த்தாள். "சண்டாளன். அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு இதுவா? ஊருக்குப் போயி அவன் கடை வாசல்ல நின்னு கேக்குறேன் பாரு." குச்சியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் கிரீஸ் டப்பாவைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

"அக்கா!" நூகராஜுவின் குரலில் விளையாட்டு போயிருந்தது. "குஞ்சு மேல வருது. வாயத் தொறந்து தொறந்து மூடுது. என் ஒரு ஆளால ஆவாது."

அவள் ஓடிப்போய்த் தொட்டிக்குள் குதித்தாள். இரண்டு பேரும் தண்ணீரை அறைகிற சத்தம் மலைச்சரிவில் எதிரொலித்தது. நான் பேரிங்குக்கு இருந்த கிரீஸையெல்லாம் ஏற்றினேன். ரேடியேட்டர் மூடியைச் சாக்கு போட்டு மெல்லத் திருகி அழுத்தத்தை விட்டேன். என்ஜினை மறுபடி கிளப்பி ஓடவிட்டேன். அணைத்தே வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் கொதித்து என்ஜின் ஹெட் வெடித்துவிடும் என்ற பயம். கேன்களில் வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முள் இறங்கியது. ஆனால் ஓட்டை வழியாக அத்தனையும் வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழை இந்தச் சரிவில் இன்னும் இறங்கவில்லை, ஓடையெல்லாம் வெறும் கல். உச்சிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

"மஞ்சப்பொடி போட்டா அடைக்காதா?" என்று கத்தினான் நூகராஜு.

"அது ரேடியேட்டர் ஓட்டைக்குடா. இதுக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப என்னதான் செய்யப் போற? குஞ்சுக்கு நீயே பதில் சொல்லு, எனக்குத் தோள் கழண்டு போச்சு."

அப்போதுதான் தொட்டி கண்ணில் பட்டது. நான்காயிரம் லிட்டர் தண்ணீர், ரேடியேட்டரைவிட உயரத்தில். குளத்திலிருந்து தொட்டி நிரப்புகிற ரப்பர் குழாய் சுருட்டியபடி கேபின் மேலேயே கிடந்தது. ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக இறங்கும். மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் கீழே எவ்வளவு ஒழுகினால் என்ன? வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

"குஞ்சு உள்ள போயிரும்டா" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே தன் பழைய புடவைத் துணியை நான்காக மடித்துக் குழாயின் முனையில் கட்டினாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

"ரேடியேட்டர் வாயில யாராவது குழாயப் பிடிச்சுக்கிட்டு வரணும். நூகராஜு, நீ மட்கார்டுல உக்காரு."

"அவன் கை அடிக்கிற மாதிரி என்னால இனி அடிக்க முடியாது. நான் உக்கார்றேன்" என்றாள் அக்கா.

"வேண்டாம்க்கா. வளைவுல கொதி தண்ணி தெறிக்கும்."

"வண்டிய எடுடா."

நூகராஜு குழாயை உறிஞ்சி, ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பி, "ரோகு ரசம்" என்றான். அக்கா முன் சக்கரத்து மட்கார்டில் ஏறி, ஒரு கையால் பானட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்தாள். முதல் கியரில் எடுத்தேன்.

நான்காவது வளைவு வரை ஒன்றும் ஆகவில்லை. என் கண் முள்ளிலும் அக்காவின் முதுகிலுமாக மாறி மாறிப் போனது. பம்பு முனகுவது பெடலில் வைத்த காலில் தெரிந்தது. ஐந்தாவது வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தது. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் திட்டியபடி பின்னால் எடுத்தான். வெறிகொண்டவன் மாதிரி திருப்பினேன். வண்டி சாய்ந்தது. ரேடியேட்டர் வாயிலிருந்து கொதி நீர் எழும்பி அக்காவின் கையில் கொட்டியது.

அவள் அலறியது என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பிரேக்கில் காலை வைத்தேன்.

"நிறுத்துன, செருப்பால அடிப்பேன்!" என்றாள் திரும்பாமலே. குழாய் அவள் கையிலேயே இருந்தது. விட்டிருந்தால் அது விசிறிக்குள் போயிருக்கும்.

எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை, ஸ்டியரிங் அவ்வளவு கனம். அந்தக் குச்சியை அடித்த கை இதுதானே, இதில் கொட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்னும் இரண்டு தடவை அவள் மேல் தெறித்தது. மூச்சை இழுத்துக்கொண்டாளே தவிர அதற்குப் பிறகு அலறவில்லை.

சிந்தகொம்மா ஏரிக்கரையில் வண்டி நின்றபோது பத்து மணி. சங்கத்துப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். அவர்களின் தலைவி சிலகம்மா தொட்டி விளிம்பில் ஏறி, முழங்கை வரை கையை விட்டு அசையாமல் வைத்திருந்தாள். தொட்டியில் தண்ணீர் பாதிக்கும் கொஞ்சம் மேலேதான் மிச்சம். மேலே செத்த குஞ்சுகள் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. இரண்டு கூடை இருக்கும். நூகராஜு மூச்சு வாங்கியபடி அவள் முகத்தையே பார்த்தான்.

"குஞ்சுங்க கையக் கொத்துதுங்க" என்றாள் சிலகம்மா. "எறக்குங்க."

ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் கலந்து, குஞ்சுகளைப் பழக்கி, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஏரியில் கட்டியிருந்த வலைக்குள் விட்டார்கள். கறுப்பாக ஒரு கூட்டம் திரும்பி ஆழத்துக்குப் போனது. அக்கா கரையில் உட்கார்ந்து, கொப்புளம் கிளம்பிய கையை ஏரித் தண்ணீருக்குள் வைத்திருந்தாள். "பொழச்சுருச்சுடா" என்றாள் என்னைப் பார்த்து. ஒரு வருஷமாக அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்க்கவில்லை.

அடுத்த நொடி சிரிப்பு மாறியது. "நூகராஜு, கேபின்லேர்ந்து என் போன எடுத்துக் குடு. இப்பவே அந்த மஸ்தானக் கூப்பிடுறேன். ஊர் போற வரைக்கும் பொறுக்க முடியாது."

நல்ல கையால் எண்ணை அழுத்தினாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள். மணி அடித்தது.

"அக்கா, வேண்டாம்" என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்கு அவருகிட்டப் பயம்."

"அக்கா, அவரு இல்ல. நான்தான் அடிச்சேன். அடைக்காதன்னு அவரு சொன்னாரு."

அவள் நிமிர்ந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "ஹலோ? சுவார்த்தம்மாவா? என்னம்மா, குஞ்சு நல்லபடியாப் போய்ச் சேர்ந்துச்சா? காலையிலேர்ந்து உன் நெனப்புதான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சேர்ந்துச்சுண்ணே" என்றாள். "தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். இருங்க."

போனை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லு தானியேலு" என்றார் மஸ்தான் பாய். "வண்டி ஏதும் மக்கர் பண்ணுச்சா? எங்க நிக்கிற சொல்லு, பம்பு எடுத்துக்கிட்டு நானே பஸ் ஏறி வர்றேன்."

சிலகம்மாவும் மற்ற பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாய்" என்றேன். "நீங்க வேண்டாம்னு சொன்னத நான் செஞ்சேன். செஞ்சுட்டு, நீங்க செஞ்சதா அக்காகிட்டச் சொன்னேன். அக்கா கை வெந்து போச்சு."